எல்லோருக்கும் அக்கா

ஜூலை 9

அன்புள்ள மாணவிக்கு,

இப்படி எழுதும்போதே சிரிப்பு வருகிறது. தலையில் ரெண்டு நரையோடு ஒருத்தி விடுதியில் தங்கி லேப் டெக்னீஷியனுக்குப் படிக்கப் போயிருக்கிறாள், அவள் என் மனைவி என்று லிஃப்ட் கம்பெனியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். "இனிமே வீட்ல உனக்கு ஜாலிதான்" என்றான் சூப்பர்வைசர். அந்த ஜாலியைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

போன் வேண்டாம், கடிதம் எழுதிக்கொள்வோம் என்று நீ சொன்னது நல்லதாய்ப் போயிற்று. அன்றைக்கு உன் குரலைக் கேட்டு வாலு அழ, அவள் அழுவதைக் கேட்டு நீ அழ, நான் கையில் கரண்டியோடு நடுவில் நின்றேன். கடிதம் படித்துக் காட்டினால் நம் மகள் அழுவதில்லை, கேள்விதான் கேட்கிறாள். "அம்மாவுக்கு ஹோம்வொர்க் தருவாங்களா? செய்யலேன்னா வெளிய நிக்க வைப்பாங்களா?" இதற்கு நீயே பதில் எழுது.

என் சந்தேகங்கள்: குக்கர் ரப்பர் எங்கே வைத்திருக்கிறாய்? வாலுவின் சீருடையை எந்த சோப்பில் துவைப்பது? குளியலறைக் குழாய் சொட்டினால் நீ எதையோ சுற்றி நிறுத்துவாயே, அது என்ன, எப்படிச் சுற்றவேண்டும்?

ஆஸ்பத்திரி லிஃப்டைப் பார்க்கப் போனபோது உங்கள் லேபின் பெரிய டெக்னீஷியன் அம்மா நின்று பேசினார். முதல் வருடம் எல்லாப் பாடமும் தேறினால்தான் அடுத்த வருடத்துக்குப் படிப்பு விடுப்பு தருவார்களாம். ஒன்று போனாலும் நீ பழையபடி ரத்தக் குப்பி வாங்கும் ஜன்னலுக்கே திரும்ப வேண்டியதுதான். பன்னிரண்டு வருடம் அந்த ஜன்னலில் நின்று, தூக்கத்தில்கூட "பேர் எழுதியிருக்கா?" என்று கேட்கிற ஆள் நீ. அங்கே மறுபடி போகக்கூடாது. நன்றாகப் படி.

உன் லிஃப்ட்காரன்

*

ஜூலை 16

அன்புள்ள உங்களுக்கு,

குக்கர் ரப்பர் கீழ்த் தட்டில், பழைய பிஸ்கட் டப்பாவில். சீருடைக்கு நீல உறை சோப்பு, மஞ்சள் உறை வேண்டாம், காலர் சாயம் போகும். குழாய்க்கு வெள்ளை டேப். எப்படிச் சுற்றுவது என்று பின்பக்கம் படம் போட்டிருக்கிறேன். தலைகீழாகப் பிடித்துப் பார்க்காதீர்கள்.

அறையில் என்னோடு மூன்று பெண்கள். எல்லாம் பத்தொன்பது வயசு. முதல் நாள் என்னை யாரோ ஒருத்தியின் அம்மா என்று நினைத்து நாற்காலி போட்டார்கள். நானும் மாணவிதான் என்றதும் ஒரே கூச்சல். என் எதிர்க் கட்டிலில் இருப்பவளுக்கு ஒல்லியான தேகம், நெடுநெடுவென்று உயரம். குச்சி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவளுக்கு வந்த மறுநாளே காய்ச்சல். ராத்திரி எழுந்து பார்த்துக்கொண்டேன். இப்போது அவள் எதற்கெடுத்தாலும் அக்காதான். "அக்கா பட்டன் பிஞ்சிடுச்சு, அக்கா வயிறு வலிக்குது, அக்கா அவன் மெசேஜ் போடலை." மற்ற இரண்டும் அதே பாட்டு. மாடி முழுக்க நான் அக்காவாகிவிட்டேன்.

பாடம் ஒன்றும் பயப்படும்படி இல்லை. பாதி நம் ஆஸ்பத்திரியில் தினமும் கேட்ட பெயர்கள்தான். குப்பியைப் பார்த்தாலே எந்தச் சோதனைக்கு என்று சொல்லிவிடுவேன், இந்தப் பிள்ளைகளுக்கு மூடியின் நிறம்கூடத் தெரியவில்லை.

வாலுவிடம் சொல்லுங்கள், ஹோம்வொர்க் உண்டு, வெளியே நிற்க வைப்பதில்லை என்று. அவள் நகம் வெட்டுகிறாளா?

உங்கள் மனைவி

*

செப்டம்பர் 3

அன்புள்ள மாடி அக்காவுக்கு,

இந்த வீட்டில் அலமாரிச் சாவி எது, பீரோ சாவி எது? எல்லாம் ஒரே வளையத்தில் ஒரே மாதிரி தொங்குகிறது. வாலுவுக்குப் பின்னல் போடும்போது முதலில் இடமா, வலமா? அவள் என் கையில் தலையைக் கொடுத்துவிட்டுப் பலியாடு மாதிரி உட்கார்ந்திருக்கிறாள்.

முதல் தேர்வு என்னாயிற்று? உன் கடிதத்தில் குச்சியின் காய்ச்சல் இருக்கிறது, இன்னொருத்தியின் காதல் இருக்கிறது, வார்டன் நாயைத் திட்டியது இருக்கிறது. தேர்வை மட்டும் காணோம்.

உன் லிஃப்ட்காரன்

*

செப்டம்பர் 10

அன்புள்ள உங்களுக்கு,

சிவப்பு நூல் கட்டியது பீரோ. மற்றது அலமாரி. பின்னலுக்கு எந்தப் பக்கம் முதலில் என்றாலும் ஒன்றுதான், வகிடு நேராக இருந்தால் போதும். சீப்பின் வாலால் எடுங்கள்.

தேர்வு அன்றைக்குக் காலையில் குச்சிக்குப் பல் வலி. கன்னம் ஆப்பம் மாதிரி வீங்கிவிட்டது. தனியாகப் போகப் பயப்படுகிறாள், வேறு யார் போவார்கள்? பல் டாக்டரிடம் கூட்டிப்போய்த் திரும்புவதற்குள் தேர்வு முடிந்துவிட்டது. இது சின்னத் தேர்வுதான். அடுத்ததில் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம்.

நோட்ஸ் எல்லாம் அழகாக எழுதி வைத்திருக்கிறேன். தலைப்புக்குச் சிவப்பு, உட்தலைப்புக்குப் பச்சை. மூன்று பெண்களும் என் நோட்டைத்தான் வாங்கிப் பார்த்து எழுதுகிறார்கள். ஒருத்தியின் நோட்டை நானே எழுதிக் கொடுத்தேன், பாவம், அவள் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். நாளையிலிருந்து உட்கார்ந்து படிக்கவேண்டும். முதலில் இந்த வாரம் கொஞ்சம் ஓயட்டும்.

அடுத்த மாதம் மூன்று நாள் லீவு வருகிறது. வீட்டுக்கு வருகிறேன். திரைச்சீலையை நீங்கள் துவைத்திருக்க மாட்டீர்கள் என்று தெரியும்.

உங்கள் மனைவி

*

அக்டோபர் 19

வாலுவின் அம்மாவுக்கு,

பஸ் ஏற்றிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். முகத்துக்கு நேரே சொன்னால் வாலு கேட்பாள் என்று அடக்கிக்கொண்டேன்.

மூன்று நாளில் நீ திரைச்சீலை துவைத்தாய், பரண் துடைத்தாய், மளிகைச் சாமான் டப்பாவுக்கெல்லாம் புதிதாகப் பெயர் ஒட்டினாய், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு சட்டை தைத்துக்கொடுத்தாய். பையில் புத்தகம் கொண்டுவந்தாய், அதைத் தொடவில்லை. நீ குளிக்கப் போனபோது எடுத்துப் பார்த்தேன். கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருக்கிறது. ஜூனில் வாங்கியது.

வெள்ளிக்கிழமையே பெரிய டெக்னீஷியன் அம்மா என்னிடம் சொல்லிவிட்டார், நீ வாயைத் திறப்பாய் என்று காத்திருந்தேன். காலேஜிலிருந்து ஆஸ்பத்திரிக்கு மதிப்பெண் அனுப்பியிருக்கிறார்களாம். ரெண்டு தேர்வுக்கு நீ வரவே இல்லை. கணக்கு வகுப்பில் ஆளையே காணோமாம். "வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்று என்னைக் கேட்டார்.

எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை. ஒன்பது வயசுப் பிள்ளை அம்மா இல்லாமல் தூங்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். நீ அங்கே போய் யாருக்கோ பட்டன் தைத்துக்கொண்டிருக்கிறாய்.

*

அக்டோபர் 26

உங்களுக்கு,

என் பையை நீங்கள் துழாவியது எனக்குப் பிடிக்கவில்லை.

கோபப்பட உங்களுக்கு என்ன உரிமை? நான் வந்து ரெண்டு வாரம்கூட ஆகாதபோது குக்கர் ரப்பர். அப்புறம் சோப்பு, சாவி, பின்னல், எலி, பால்காரர், வாலுவின் இருமல் மருந்து எத்தனை மூடி. ஒவ்வொரு கடிதத்துக்கும் நான் உட்கார்ந்து படம் போட்டுப் பதில் எழுதவேண்டும். அந்த வீட்டை இங்கேயிருந்து நடத்துகிறவளும் நானே, படிக்கிறவளும் நானே. இங்கே ஒரு மாடிப் பிள்ளைகள் அக்கா அக்கா என்று உயிரை வாங்குகிறார்கள். அங்கே நீங்கள். என்னைக் கூறு போட்டு எல்லோரும் ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டால் படிக்க எந்தத் துண்டு மிச்சம் இருக்கும்?

இந்த வயசில் மண்டையில் ஏறுவது கஷ்டம் என்று உங்களுக்குப் புரியாது. அவர்கள் ஒரு தரம் படித்தால் நிற்கிறது. எனக்கு நிற்பதில்லை.

*

நவம்பர் 2

வாலுவின் அம்மாவுக்கு,

இனி எதையும் கேட்கமாட்டேன்.

வாலு நலம்.

*

ஜனவரி 11

அன்புள்ள உங்களுக்கு,

ரெண்டு மாதமாக நீங்கள் அனுப்புகிற கடிதம் மூன்று வரிதான். வாலு நலம், நான் நலம், குளிர் அதிகம். ஒரு கேள்வியும் இல்லை. கேள்வி இல்லாவிட்டால் நிம்மதியாகப் படிப்பேன் என்றுதான் அவ்வளவு சண்டை போட்டேன். கேள்வி நின்ற பிறகும் நான் படிக்கவில்லை. சாக்கும் போய்விட்டதே என்று மிரண்டு போனேன். அதனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஆகஸ்டில் கணக்கு வகுப்பு. கரைசல் கணக்கு என்று ஒன்று உண்டு. ரத்தநீரில் உப்புநீர் சேர்த்து நீர்க்க வைத்துச் சோதனை செய்வார்கள், அதற்கு அளவு சொல்லவேண்டும். பாடம் நடத்துகிற மேடம் என்னைவிடச் சின்னவள். அன்றைக்கு என்னைப் பார்த்து, "நீங்க ஆஸ்பத்திரியிலேருந்து வந்தவங்க, நீங்க சொல்லுங்க. ஒரு பங்கு ரத்தநீர், ஒன்பது பங்கு உப்புநீர். எத்தனை மடங்கு நீர்த்திருக்கு?" என்றார். எனக்கு எவ்வளவு பெருமை! எழுந்து நின்று, வகுப்பு முழுக்கக் கேட்கும்படி "ஒன்பது" என்றேன்.

பத்து. ஒன்றும் ஒன்பதும் சேர்ந்து பத்து. வாலுவைக் கேட்டால்கூடச் சொல்லியிருப்பாள்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நானும் சிரித்து உட்கார்ந்திருப்பேன். மேடம் ரொம்ப மெதுவாக, "பரவால்ல, உக்காருங்க" என்றார். பக்கத்திலிருந்து குச்சி என் காதோரம் "பத்துக்கா" என்றாள். அவளுக்குப் பாவமாக இருந்திருக்கிறது என்மேல். காய்ச்சலுக்கு நான் நெற்றி தடவிவிட்ட பெண். அந்த நிமிஷம் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

அடுத்த வகுப்புக்குப் போகவில்லை, தலைவலி. அதற்கடுத்து வந்தது தேர்வு, அன்றைக்குக் குச்சியின் பல். உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பல் மறுநாள் வரை தாங்கும் என்று அவளே சொன்னாள். நான்தான் "வா போகலாம்" என்று இழுத்துக்கொண்டு போனேன். இப்படியே ஒவ்வொன்றாக. போகாத வகுப்பு கூடக் கூட, உள்ளே போனால் புரியாது. புரியாத இடத்தில் எப்படி உட்காருவது? யாராவது அக்கா என்று கூப்பிடமாட்டார்களா என்று காது காத்துக்கொண்டிருக்கும். கூப்பிட்டால் ஓடிவிடுவேன். அங்கே எனக்கு எல்லாம் தெரியும், யாருக்கு எந்த மாத்திரை, எந்தக் கறைக்கு எந்த சோப்பு. நோட்டில் சிவப்பும் பச்சையுமாக எழுதுவேன். ஒரு வரிகூடப் புரியாமல் எழுதுவேன்.

நேற்று மேடம் வராந்தாவில் நிறுத்திவிட்டார். வருகை குறைவு, இப்படியே போனால் கணக்குத் தேர்வு எழுத விடமாட்டார்கள். தினமும் சாயங்காலம் பின்தங்கினவர்களுக்கு ஒரு வகுப்பு நடக்கிறது, ஒரு நாள் விடாமல் வந்து போர்டில் கணக்குப் போட்டால் அவர் பரிந்துரை செய்வாராம். அந்த வகுப்பு கண்ணாடி ஜன்னல் வைத்த அறையில். விடுதிக்குப் போகிற எல்லோரும் அந்த ஜன்னலைத் தாண்டித்தான் போகவேண்டும்.

என்னால் முடியாது என்று தோன்றுகிறது. பேசாமல் திரும்பி வந்துவிடட்டுமா? நீங்கள் வா என்றால் நாளைக்கே பெட்டி கட்டிவிடுவேன்.

உங்கள் மனைவி

*

ஜனவரி 17

அன்புள்ள உனக்கு,

மூன்று தரம் எழுதிக் கிழித்துப் போட்டேன்.

குக்கர் ரப்பர் எங்கே என்று எனக்குத் தெரியும். எப்போதுமே தெரியும். பீரோ சாவியில் சிவப்பு நூல் கட்டியவனே நான்தான், நீ மறந்துவிட்டாய். நாள் முழுக்க லிஃப்ட் மோட்டாரைப் பிரித்து மாட்டுகிறவனுக்குக் குழாயில் டேப் சுற்றத் தெரியாதா? நீ உடனே கண்டுபிடித்துத் திட்டுவாய் என்று நினைத்தேன். நீயோ படம் போட்டு அனுப்பினாய்.

நீ போன முதல் வாரம் வீடு நன்றாகவே நடந்தது. சொல்லவே பயமாக இருந்தது. எல்லாம் நன்றாக நடக்கிறது என்று எழுதினால் நீ எதற்குப் பதில் எழுதுவாய்? படித்துப் பெரிய டெக்னீஷியன் ஆனபிறகு, கையில் கிரீஸோடு வருகிற என்னிடம் பேச உனக்கு என்ன இருக்கும்? கேள்வி கேட்டால் நீ பதில் எழுதுவாய். பதில் எழுதுகிற நேரமாவது நீ இங்கே இருப்பாய். இவ்வளவுதான் என் கணக்கு. அதனால் தினமும் யோசித்து யோசித்துக் கேள்வி தயார் செய்தேன். எலி வந்தது பொய். இருமல் மருந்தும் பொய்.

உன் புத்தகத்தின் உறையைப் பார்த்தபோது உன்மேல் வந்த கோபத்தில் பாதி என்மேல் வந்தது. அதை எழுதாமல் உன்மேல் மட்டும் கொட்டினேன்.

வா என்று எழுத எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியாது. எழுதமாட்டேன். அந்த ஜன்னல் அறைக்குப் போ. போர்டில் தப்பாகப் போடு. தேர்வு முடியும்வரை வீட்டுக்கு வராதே.

உன் லிஃப்ட்காரன்

*

பிப்ரவரி 20

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் திட்டினேன், சத்தமாகவே. எலிப்பொறியை எந்த மூலையில் வைப்பது என்று ஒரு மணி நேரம் யோசித்தவள் நான். பிறகு சிரிப்பு வந்தது. பிறகு போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

போகிறேன். நாங்கள் நாலு பேர். மற்ற மூவரும் தூங்கி வழிகிறார்கள். முதல் நாள் போர்டில் போட்ட எல்லாமே தப்பு. சுண்ணாம்புக்கட்டி உடைந்தது. மேடம் அழித்துவிட்டு, "திரும்பப் போடுங்க" என்றார். திரும்பவும் தப்பு. வீட்டில் யாரும் என்னைத் திரும்பச் செய் என்று சொன்னதில்லை, நான்தான் எல்லோருக்கும் சொல்வேன். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஜன்னல் வழியாக எங்கள் அறைப் பெண்கள் பார்த்துவிட்டார்கள். என்ன நினைத்தார்கள் தெரியுமா? நான் அந்த மூன்று பேருக்கும் பாடம் சொல்லித்தரப் போகிறேன் என்று. "அக்கா, மேடத்துக்கே ஹெல்ப்பா? கெத்துதான்!" என்றாள் குச்சி. நான் ஒரு வாரம் சும்மா இருந்தேன். அந்த ஒரு வாரம் ராஜாத்தி மாதிரி நடந்தேன், வெட்கமாக இருக்கிறது. கடைசியில், "சொல்லித்தரப் போகலடி. எனக்கு வரல, கத்துக்கப் போறேன்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் தமாஷ் செய்கிறேனாம்.

ஒன்றும் மாறவில்லை. வகுப்பு முடிந்து வந்தால் என் கட்டிலில் யாராவது அழுதுகொண்டிருக்கிறார்கள். எழுந்து போ என்று சொல்ல வாய் வருவதில்லை. நான்தான் பழக்கினேன். புத்தகம் மடியில் விரித்தபடி கிடக்கும், என் கை யாருடைய முதுகையோ தடவிக்கொண்டிருக்கும்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். வாலு என்னைத் தேடுகிறாளா? பொய் வேண்டாம்.

உங்கள் மனைவி

*

பிப்ரவரி 26

அன்புள்ள உனக்கு,

முன்பு போலத் தேடவில்லை. சனிக்கிழமை மட்டும் உன் தலையணையில் படுத்துக்கொள்கிறாள். பின்னலைத் தானே போட்டுக்கொள்கிறாள், வகிடு கோணல்தான், நான் சொல்வதில்லை.

உண்மை கேட்டாய், எழுதிவிட்டேன். உனக்கு வலிக்கும் என்று தெரியும். எனக்கும் வலித்தது.

வார்டனிடம் வேறு அறை கேள். வாயைத் திறந்து கேள்.

உன் லிஃப்ட்காரன்

*

மே 14

அன்புள்ள உங்களுக்கு,

தேறிவிட்டேன். எல்லாப் பாடமும். கணக்கில் மேடத்தின் பரிந்துரையால் எழுதி, எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறேன், ஆனால் தேறிவிட்டேன். ஆஸ்பத்திரிக்கும் தகவல் போயிருக்கும். இனி அந்த ரத்தக் குப்பி ஜன்னல் இல்லை.

தேர்வு நேரத்தில் உங்களுக்கு எழுதாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். வார்டன் கீழ்த் தளத்தில் ஒரு காலி அறையைத் தேர்வு முடியும்வரை எனக்குக் கொடுத்தார். பெட்டி, படுக்கை எதுவும் இல்லை, ஒரு இரும்புக் கட்டிலும் மேசையும். கணக்குத் தேர்வுக்கு முந்தின நாள் மத்தியானம் குச்சி வந்து கதவைத் தட்டினாள். "அக்கா, எனக்கு ஒண்ணுமே வரலக்கா. வாந்தி வருது. கையெல்லாம் நடுங்குது. கதவைத் திறங்கக்கா." எனக்கு அவளைத் தெரியும். அது உடம்பு இல்லை, பயம். வருடம் முழுக்க அவள் எழுதியது என் நோட்டைப் பார்த்து, ஒரு வரிகூடப் புரியாமல். நான் எழுதியது போலவே.

திறந்தால் என்ன நடக்கும் என்றும் தெரியும். தண்ணீர் கொடுப்பேன், முதுகு தடவுவேன், டாக்டரிடம் போவோம், சாயங்காலம் ஆகும், என் கணக்கு அப்படியே கிடக்கும். எனக்கு அது பிடித்தும் இருக்கும்.

"படிச்சிட்டிருக்கேன், மேல போய் யாரையாவது கூட்டிக்கோ" என்றேன். அவள் போகவில்லை. கதவிலேயே சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். கதவுக்கு அடியில் அவள் பாவாடை ஓரம் தெரிந்தது. நான் கட்டில் சட்டத்தை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கால் தானாக எழப் பார்த்தது. ஒரு கணக்குகூட அந்த நேரத்தில் போடவில்லை. பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கடைசியில் மற்ற பெண்கள் வந்து அவளைக் கூட்டிப்போனார்கள். ஒருத்தி கதவுக்கு வெளியே, "இவ்ளோதானாக்கா நீங்க?" என்றாள்.

அதன்பிறகுதான் படித்தேன்.

மறுநாள் குச்சி தேர்வுக்கு வரவில்லை. டாக்டர் அவளுக்கு ஒன்றும் இல்லை என்றாராம். நான் திறந்திருந்தால் அவள் எழுதியிருப்பாளா, ரெண்டு பேருமே எழுதாமல் போயிருப்போமா, தெரியவில்லை. எத்தனை தரம் யோசித்தாலும் அந்த விடை எனக்கு வரவில்லை.

இன்று மேலே அறைக்குப் போய் முடிவைச் சொன்னேன். மற்ற இருவரும் தலையை ஆட்டினார்கள். குச்சி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பிறகு திரும்பி, "கங்கிராட்ஸ்" என்றாள். அவ்வளவுதான். அக்கா என்று சொல்லவில்லை. அவள் கண் வீங்கியிருந்தது, நெற்றியில் கைவைத்துப் பார்க்கவேண்டும் போல எனக்கு இருந்தது. வைக்கவில்லை.

கீழ் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ரெண்டாம் வருடத்துக்கும் வார்டன் எனக்கு அந்த மாடி அறையையே போட்டிருக்கிறார். குச்சி முதல் வருடத்தைத் திரும்பப் படிக்கிறாள். அவளுக்கும் அதே அறைதான், என் எதிர்க் கட்டில்.

உங்கள் மனைவி